சுன்சியை இறக்கிய வருடம்

பீஜிங்
ஜியாஜிங் ஆட்சி ஒன்பதாம் ஆண்டு, எட்டாம் மாதம்

லான்லிங் ஊரில் இருக்கும் மூத்த அக்கா பெய் ஷுவாங் அவர்களுக்கு, தோங் யான் மண்டியிட்டு எழுதுவது.

நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன பெயர் வைத்து என்னைச் சொன்னார்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. போன வருடம் இளவேனிலில் உங்கள் கணவர் யின் போவென் இங்கே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த இரண்டாவது பெண் நான்தான். தேர்வு மண்டபத்துக்கு எதிரே காகிதமும் மையும் விற்கிற தோங் கடைக்காரரின் மகள். எழுத்து எப்படி வந்தது என்று யோசிக்காதீர்கள். தேர்வில் தோற்ற பையன்கள் ஊருக்குப் போகக் கூச்சப்பட்டு எங்கள் கடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். சும்மா இருக்க முடியாமல் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வழக்கம் எனக்குத் தெரியும். வந்த புதிதிலேயே நான் லான்லிங்குக்கு வந்து உங்கள் முன்னால் மண்டியிட்டுத் தேநீர்க் கிண்ணத்தை நீட்டியிருக்க வேண்டும். நீங்கள் ஒரு வாய் குடித்தால்தான் நான் இந்தக் குடும்பத்துக்காரி. அதுவரை இங்கே தங்கியிருக்கும் ஒருத்தி, அவ்வளவுதான். "எப்பங்க போறது?" என்று கேட்டால், "போகலாம், போகலாம், இப்ப வேலை தலைக்கு மேல கெடக்கு" என்பார். சடங்குகளைப் பார்க்கும் அலுவலகத்தில் அவர் சின்ன எழுத்தர்தான். ஆனால் கன்பூஷியஸ் கோயிலைச் சக்கரவர்த்தி திருத்தப்போகிறாராம். எந்த ஆசானின் பெயர்ப் பலகை உள்ளே இருக்கலாம், எது வெளியே போக வேண்டும் என்று ஒரே பேச்சாக இருக்கிறது.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. எனக்கு நாலு மாதம். குழந்தையை யின் குலத்தில் எழுத உங்கள் சம்மதம் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெண் என்று நினைத்திருப்பீர்கள். முடியவில்லை. நேற்று ஆட்டிறைச்சி சமைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, "ருசிங்கிறது பிறவியிலயே வருதா, பழகித்தான் வருதா?" என்று கேட்டார். "உப்பு போட்டா வருது" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஷுவாங்கும் இதையேதான் சொல்லுவா. ஆனா அரை நாள் சொல்லுவா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன் அக்கா. பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அரை நாள் ஒரு பெண் பேசியதை இத்தனை வருடம் கழித்து ஒருவர் ஆசையாக நினைக்கிறார் என்றால், நான் எதற்காக ஆட்டிறைச்சி சமைக்கிறேன்?

பதில் எழுதுங்கள்.

தோங் யான்

*

லான்லிங்
அதே ஆண்டு, ஒன்பதாம் மாதம்

தோங் வீட்டுப் பெண்ணுக்கு,

அக்கா என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தங்கை கிடையாது. என் அம்மா என்னோடு நிறுத்திக்கொண்டாள்.

நீ கேட்ட சம்மதத்துக்கு முதலில் வருகிறேன். வழக்கம் தெரியும் என்கிறாயே, பாதிதான் தெரியும் போலிருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன். யின் போவெனுக்குப் பிறக்கும் குழந்தைக்கு அம்மா நான். பெற்றவள் யாராக இருந்தாலும் சரி. அது என்னைத்தான் அம்மா என்று கூப்பிடும். உன்னைச் சித்தி என்று கூப்பிடும். குலத்தின் வம்சாவளியில் என் பெயருக்குக் கீழேதான் அதன் பெயர் வரும். பால் மறந்ததும் இங்கே கொண்டுவந்து விட வேண்டியது. இதற்கு நீ ஒப்புக்கொண்டால் எழுதச் சொல்கிறேன்.

இது என் கொடுமை என்று நினைக்காதே. சடங்கு அப்படி. சடங்கைப் பற்றி லான்லிங்காரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் நிலத்தை ஒட்டித்தான் சுன்சி ஆசானின் சமாதி மேடு. கன்பூஷியஸுக்கு அப்புறம் வந்தவர்களில் அவரைப் போல ஒருவர் இல்லை. ஜாவ் நாட்டில் பிறந்து, சீ நாட்டில் அறிஞர் கூட்டத்துக்கே மூன்று தடவை தலைவராக இருந்தவர். பொறாமைக்காரர்கள் கோள் மூட்டினார்கள், கிளம்பிவிட்டார். இந்த ஊருக்கு அதிகாரியாக வந்தார், இங்கேயும் கோள். வேலை போனது. ஆனாலும் ஊரை விட்டுப் போகாமல் பாடம் சொல்லிக்கொண்டு இங்கேயே இருந்து இங்கேயே செத்தார். ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு மேலாகிறது. அவரை மரியாதையாக 'ச்சிங்' என்பார்கள். இன்னும் இந்த ஊரில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சேர்த்துத்தான் வைக்கிறோம். தெருவுக்கு நாலு ச்சிங் இருக்கிறார்கள். எங்கள் பூண்டு வியாபாரி ஒரு ச்சிங், அவரை ஏமாற்றுகிற தரகனும் ஒரு ச்சிங்.

மனிதன் பிறக்கும்போதே ஆசையோடும் பொறாமையோடும்தான் பிறக்கிறான், நல்லது என்பது பிறகு பாடுபட்டுச் செய்து சேர்ப்பது என்பது அவர் கருத்து. என் அப்பா அதைத்தான் பாடமாகச் சொன்னார். எனக்கும் சொன்னார், தன் மாணவர் போவெனுக்கும் சொன்னார். போவென் மெங்சி ஆசான் பக்கம். மனிதன் பிறவியிலேயே நல்லவன் என்பார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எங்களுக்குள் இந்தச் சண்டை. "ரெண்டு பசிச்ச பிள்ளைங்க, நடுவுல ஒரு ரொட்டி. யாரும் ஒண்ணும் சொல்லித்தராட்டி என்ன நடக்கும்?" என்பேன். "பங்கு போட்டுக்கும்" என்பார். "நீங்க ஒரே பிள்ளை, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பேன். ஒரு தடவைகூட அவர் ஜெயித்ததில்லை.

எனக்கு இரண்டு தடவை பிள்ளை தங்காமல் போனது. அதற்கப்புறம் அவர் பேச்சும் குறைந்தது. பிறகு தலைநகர் போனார். பிறகு நீ.

எனக்குப் பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது? நீ என்ன நிறம், உன் கை எப்படி இருக்கும், அவர் தோளில் மேலங்கியை எடுத்துப் போடும்போது என்ன சொல்லிப் போடுகிறாய் என்றெல்லாம் யோசித்து யோசித்து நெஞ்சு வெந்துபோயிருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்டுக்கொள். போன மாதம் அவர் எனக்கு எழுதியிருந்தார். சுன்சியின் பலகை கோயிலில் இருக்க வேண்டுமா என்று மேலே பேச்சு வந்திருக்கிறதாம். எதிராளிகள் என்னென்ன சொல்லுவார்கள், அதற்கு என்ன பதில் என்று கேட்டிருந்தார். ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன். அவர் உன் வீட்டில் தூங்கட்டும். வாதம் என்று வந்தால் என்னிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

பெய் ஷுவாங்

*

பீஜிங்
அதே ஆண்டு, பத்தாம் மாதம்

அக்காவுக்கு (தங்கை வேண்டாமென்றாலும் நான் இப்படித்தான் எழுதுவேன்),

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. இப்போது எழுதப்போவது உங்களுக்கு வலிக்கட்டும் என்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அவரோடு வேலை பார்க்கும் ஃபாங் வீட்டுக்கு வந்திருந்தார். லான்லிங் மது, பொரித்த மீன், ஒரே கொண்டாட்டம். நான் அடுப்படியில் இருந்தேன். சுவர் மெல்லிசு.

"எப்படியப்பா அந்த மனுவை இவ்வளவு கச்சிதமா எழுதின? சுன்சி மேல என்னென்ன குத்தம் இருக்கோ அத்தனையும் வரிசையா வந்து நிக்குது!" என்றார் ஃபாங்.

"வீட்டுல ஒரு சரக்கு இருக்கு" என்று இவர் சிரித்தார்.

"இந்த வீட்டுலயா?"

"லான்லிங்ல. எதிராளி என்ன கேப்பான், அதுக்கு நாம என்ன சொல்லணும்னு ரெண்டையும் எழுதி அனுப்பிச்சா. நான் கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டேன். பதிலைக் கழட்டி வச்சிட்டேன்."

"அடப்பாவி! அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"பலகை இறங்கினதும் எப்படியும் தெரியும். மேல இருக்கறவர் எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தானே எழுத முடியும்? மனுசன் பிறவியிலயே கெட்டவன்னு சொன்னவரு, அந்தக் காலத்துல புத்தகத்தை எரிச்ச மந்திரிக்குப் பாடம் சொன்னவரு. எப்படியும் போகப்போறவரு. நான் எழுதாட்டி வேற எவனாவது எழுதுவான்."

நீங்கள் எழுதிய பதிலெல்லாம் எங்கே என்று பார்த்தேன். பெட்டிக்கு அடியில் இருக்கிறது. படித்தேன். பாதி புரிந்தது. மாணவன் செய்த பாவத்துக்கு ஆசானைத் தண்டிப்பதென்றால் எந்த ஆசான் மிஞ்சுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடம் பிடித்தது. பிடித்தது என்பதற்காகவே இன்னும் எரிச்சல் வந்தது. நான் பிறந்து இறந்து பிறந்தாலும் அப்படி ஒரு வரி எழுத வராது.

பார்த்தீர்களா, உங்கள் வாதமும் உங்களுடையது இல்லை. அவர் எடுத்துக்கொண்டார். என் வயிற்றில் இருப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடச் சொன்னது எந்த ஆசான்? சுன்சி என்றால் அவர் பலகை இறங்குவது நல்லதுதான்.

யான்

*

லான்லிங்
அதே ஆண்டு, பன்னிரண்டாம் மாதம்

தோங் யானுக்கு,

வலித்தது. நீ நினைத்த அளவுக்கு வலித்தது. போதுமா?

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளிலேயே உத்தரவும் வந்துவிட்டது. நாடு முழுக்க, ஒவ்வோர் ஊர்ப் பள்ளியிலும் இருக்கும் கன்பூஷியஸ் கோயிலில் சுன்சியின் பலகையை எடுத்துவிட வேண்டும். வேறு சில பேருடையதும் போகிறது. மற்ற ஊர்களில் ஒரு பலகை குறைந்தது என்று தூசி தட்டிவிட்டுப் போவார்கள். இங்கே அப்படி இல்லை. இது அவர் செத்த ஊர்.

எங்கள் பள்ளியின் வாத்தியார் நல்ல மனிதர், பயந்தவர். ஏணி போட்டு இறக்கும்போது அவர் முழங்கை பட்டுத் தூபக் கலசம் உருண்டது. பெண்கள் உள்ளே போகக்கூடாது. நாங்கள் வாசலிலேயே நின்றோம். முள்ளங்கி விற்கிற கிழவி ஒருத்தி, கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"யாரை இறக்குறாங்க?"

"சுன்சியை."

"நம்மூருக்காரரையா? என்ன தப்பு பண்ணாரு?"

"மனுசன் பிறக்கும்போதே கெட்டவன்னு சொன்னாராம்."

"அதுக்கா? என் மருமகளைப் பாத்திருந்தா இன்னும் சொல்லியிருப்பாரே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது, சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாத்தியார் பின்னாலேயே வந்தார். "அம்மா, உத்தரவு. நான் என்ன பண்ணட்டும்? உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்காரு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். சொன்னார் ஐயா, நிறையவே சொன்னார் என்று சொல்லி அனுப்பினேன்.

அவருக்கு நான் இனி எழுதப்போவதில்லை. எழுதிய ஒவ்வொன்றையும் அவர் பாதியாக வெட்டி விற்பார் என்று தெரிந்த பிறகு என்ன எழுதுவது? இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்தச் சண்டை ஒன்றுதான். அதைக் கொண்டுபோய்ப் பொரித்த மீனுக்கு நடுவில் வைத்துவிட்டார்.

அதனால் கேட்டுக்கொள். பிள்ளை விஷயத்தில் நான் ஒரு அடிகூட நகர மாட்டேன். சித்தி என்று சொன்னது சுன்சி இல்லை, அவருக்குப் பிற்பாடு வந்த வழக்கம். யார் சொன்னால் என்ன? சட்டம் என் பக்கம், வழக்கம் என் பக்கம், யின் குலத்துப் பெரியப்பா என் பக்கம். எனக்கு வர வேண்டியது வந்தே ஆக வேண்டும்.

பெய் ஷுவாங்

*

பீஜிங்
பத்தாம் ஆண்டு, இரண்டாம் மாதம்

அக்காவுக்கு,

பையன் பிறந்துவிட்டான். என் அப்பாவின் காதும் உங்கள் கணவரின் பிடிவாதமும். கண் பட்டுவிடக்கூடாது என்று சாணியுருண்டை என்று கூப்பிடுகிறோம். நீங்கள் முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. தலைநகரில் மந்திரி வீட்டுப் பிள்ளையே நாய்வால் என்று கூப்பிடப்படுகிறான்.

உங்கள் கணவருக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது. இரண்டு நல்லது ஒன்றாக வந்ததில் மனிதர் தரையில் நடக்கவில்லை. நேற்று குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்கிறார்: "ஷுவாங்குக்கு அந்தப் பலகை போச்சு. பாவம், கடிதாசியே போடறதில்லை. இவனைக் கொடுத்துட்டா சரியாப்போயிடும். அவ கேக்கறதும் நியாயந்தானே?"

"இவன் என்ன, உடைஞ்ச கிண்ணத்துக்குப் பதில் கிண்ணமா?" என்று கேட்டேன்.

"நீ இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்றார்.

பிறவியிலேயே மனிதன் நல்லவன் என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறவர் இவர்.

அக்கா, உங்களைத் திட்டி எழுத நிறைய வைத்திருந்தேன். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. நீங்கள் எழுதிய அந்தப் பதில்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வளையாத மரத்தை ஆவி காட்டி வளைத்தால்தான் சக்கரம் என்று வருகிறதே, அது எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் வண்டிப் பட்டறை இருக்கிறது. மரம் கத்தும். நான் கேட்பது இதுதான். பொறாமை எல்லாருக்கும் பிறவியில் வருகிறது, சரி. எனக்கும் வந்தது. அதற்கப்புறம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்று உங்கள் ஆசான் சொன்னாரே, அதை நீங்கள் எப்போது செய்வீர்கள்? அவன் உங்கள் பெயருக்குக் கீழேயே இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு வருகிறேன். என்னை அம்மா என்று மட்டும் கூப்பிடட்டும். இன்னும் பேச்சு வரவில்லை. பேச்சு வருவதற்குள் சொல்லுங்கள்.

யான்

*

லான்லிங்
பதினோராம் ஆண்டு, இரண்டாம் மாதம்

தோங் யானுக்கு,

ஒரு வருடமாக நீ அனுப்பிய கடிதங்கள் எல்லாம் வந்தன. அவன் உட்கார்ந்தது, நின்றது, நடந்தது, பேசியது எல்லாம் தெரியும். முதலில் என்ன வார்த்தை பேசினான் என்பதை நீ எழுதாமல் விட்டதும் தெரியும்.

இளவேனிலில் முன்னோர் சமாதிகளைச் சுத்தம் செய்யும் திருநாளுக்குப் பிறகு பாதை காய்ந்திருக்கும். கொண்டு வா. பெரியப்பா வம்சாவளியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். வழக்கப்படி நடக்கட்டும்.

பெய் ஷுவாங்

*

ஜினிங் படகுத்துறை
அதே ஆண்டு, நான்காம் மாதம்

பெரிய வீட்டம்மாவுக்கு,

அக்கா என்று எழுத வரவில்லை.

தலைநகர் திரும்பும் வழியில் இன்னும் ஜினிங்கில்தான் இருக்கிறேன். கால்வாயில் தண்ணீர் குறைவு. அரசாங்கத்தின் தானியப் படகுகள் போன பிறகுதான் மற்றவர்களுக்கு மதகு திறப்பார்களாம். விடுதிக்காரி, "குழந்தை எங்கம்மா?" என்று கேட்டாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். பால் மறக்கடித்துவிட்டேன் என்றுதான் உங்களிடம் சொன்னேன். பொய். லான்லிங்குக்கு வண்டியில் வரும்போதுகூடக் கொடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

நான் மண்டியிட்டேன், கிண்ணத்தை நீட்டினேன், நீங்கள் குடித்தீர்கள். நான் எழுந்திருக்கும்போது பார்த்தேன், உங்களுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. நான் அப்படிப்பட்டவள்தான். அடுத்த கணமே நீங்கள் ரொட்டியைப் பிய்த்து அவன் வாயருகே கொண்டுபோனீர்கள், அவன் வாங்கித் தின்றுவிட்டான். புது ஆட்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்காதவன். அதைப் பார்க்காமலே போயிருக்கலாம்.

பெரியப்பா எழுதி முடித்ததும் அவன் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றான். உங்கள் வேலைக்காரி காவ் அவனைத் தூக்கி உங்கள் பக்கம் திருப்பி, "அம்மா அங்க இருக்காங்க, இது சித்தி" என்றாள். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். மறுபடி என்னைப் பார்த்து "அம்மா" என்றான். மறுபடி திருப்பினாள். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நாலைந்து தடவை நடந்தது. கடைசியில் அவன் என்னைப் பார்த்தான், வாயைத் திறந்தான், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான். அப்போது நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பகலில் அவன் தூங்கும்போது என்னைக் கிளம்பச் சொன்னீர்கள். கிளம்பினேன். அவன் இடது கையை மடித்து வைத்துத் தூங்கினால் மரத்துப்போய் அழுவான், எடுத்துவிட வேண்டும். இதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

உங்களுக்கு வர வேண்டியது வந்துவிட்டது.

தோங் யான்

*

லான்லிங்
அதே மாதம்

யான்,

இதைக் குதிரைக்காரனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மதகு திறந்திருந்தால் நீ படகில் ஏறியிருப்பாய். திறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அவன் எழுந்தான். உன்னைத் தேடி ஒவ்வோர் அறையாகப் போனான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பிறகு வாசல் கதவுக்குப் போய் அதைக் கையால் தட்டி, "அம்மா" என்றான். காவ் ஓடிப்போய், "இதோ இருக்காங்கடா அம்மா" என்று என்னைக் காட்டினாள். அழுவான், கத்துவான், சமாளித்துவிடலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவன் அழவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினான். நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாயே, இரண்டு கையையும் சேர்த்துக் குனிவது, அதைச் செய்தான். சரியாகச் செய்தான். "அம்மா" என்றான். பிறகு திரும்பிக் கதவைப் பார்த்து நின்றுகொண்டான்.

வணக்கத்தில் ஒரு குறையும் இல்லை யான். பெரியப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். என்னை இதுவரை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை.

மறுநாளும் அதேதான். காலையில் வணங்குவான், கொடுத்ததைத் தின்பான், கதவுக்குப் போய்விடுவான். இடது கையை நான் எடுத்துவிட்டேன், உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. அழுகைச் சத்தத்தில் நானே கண்டுபிடித்தேன். அதில் ஒரு சின்னப் பெருமை வந்தது. பார், இதில்கூட உன்னோடு போட்டி போடுகிறேன்.

நேற்று சமாதி மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பலகை இறங்கியதிலிருந்து அங்கே யாரும் வருவதில்லை, புல் இடுப்பளவு நிற்கிறது. அவனை இறக்கிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். எத்தனை வருடமாக இந்த மனிதரின் பக்கம் நின்று வாதாடியிருக்கிறேன். ஆசை எல்லாருக்கும் உண்டு, இருப்பதோ கொஞ்சம், அடித்துக்கொண்டு சாகாமல் ஆளுக்கு ஒரு பங்கு கிடைக்கட்டும் என்றுதான் சடங்கு வந்தது. இதைப் போவெனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நானோ சடங்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பங்கையும் எடுத்துக்கொண்டேன். பலகையை இறக்கியது வாத்தியார் மட்டும் இல்லை.

இதனால் நான் நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்காதே. உன்னை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. உனக்கு நரைக்கவில்லை. உன்னைக் கதவருகே தேட ஒருவன் இருக்கிறான். அது மாறுவதாகத் தெரியவில்லை. மாறாது என்றுதான் சுன்சியும் சொன்னார். மாறாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நான் செய்ய முடிந்தது இவ்வளவுதான், கேட்டுக்கொள்.

அவன் உன்னை அம்மா என்று கூப்பிடட்டும். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடட்டும். காவிடம் சொல்லிவிட்டேன். பெரியப்பா குதிப்பார், குதிக்கட்டும். வம்சாவளியில் எழுதியது எழுதியபடி இருக்கும். அவன் தேர்வெழுதப் போகும் நாளில் மூத்த மனைவியின் மகன் என்றுதான் எழுதுவார்கள், அது அவனுக்கு நல்லது. அதை எனக்கு விட்டுக்கொடு.

ஆனால் ஒரு நிபந்தனை. அவனை உன்னோடு தலைநகருக்கு அனுப்ப மாட்டேன். நீ இங்கே வந்து இரு. கிழக்கு அறையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டேன். அந்த மனிதருக்கு அங்கே பதவி இருக்கிறது, ஃபாங் இருக்கிறார், மெங்சி இருக்கிறார். போதும். எனக்கு இல்லாத அவர் உனக்கும் வேண்டாம். இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதே, சுத்தமான பொறாமை. இருந்தாலும் யோசித்துப் பார், மோசமான ஏற்பாடு இல்லை.

இப்போதும் கதவருகில்தான் நிற்கிறான்.

ஷுவாங்

*

ஜினிங் படகுத்துறை

அக்கா,

மதகு இன்று காலை திறந்தார்கள். என் பெட்டி படகில் ஏறிவிட்டது, ஒரு காலை நானும் வைத்துவிட்டேன். அப்போதுதான் உங்கள் ஆள் "லான்லிங் கடிதம், லான்லிங் கடிதம்" என்று கத்திக்கொண்டு வந்தான். படகில் ஏறப் போட்டிருந்த பலகையில் நின்றே படித்தேன். பின்னால் இருந்த உப்பு வியாபாரி, "ஏறுறியா இறங்குறியா, வழியை விடும்மா!" என்று திட்டினார். இறங்கிவிட்டேன். பெட்டி மட்டும் பீஜிங் போய்க்கொண்டிருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் அவர் வாங்கிக்கொடுத்த பட்டுத்துணி, அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கிழக்கு அறை எனக்குப் போதும். சமையல் நான்தான் செய்வேன், உங்கள் காவ் வேக வைக்கிற முட்டைக்கோஸை அவன் தின்ன மாட்டான். அவன் உங்கள் மடியில் உட்காரும்போது நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன். சொன்னால் நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள்.

நான் ஏன் வரவில்லை என்று அவருக்கு நீங்களே எழுதிவிடுங்கள். நான் எழுதினால் எண்ணெய் தீர்ந்துவிட்டதா, அரிசி தீர்ந்துவிட்டதா என்று மேலாகப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். உங்கள் கடிதம் என்றால் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, உதடு அசைய அசையப் படிப்பார். இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

வண்டி பேசிவிட்டேன். வருகிறேன்.

யான்